கென்னல் காஃப் தடுப்பூசி உங்கள் நாய்க்குத் தேவையா? முடிவெடுக்கும் முறை

தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நாயை நான்கு நாள் விட்டுச் செல்ல ஒரு போர்டிங்கும் பார்த்தாகிவிட்டது. அங்கே தொலைபேசியில் பேசும்போது, வெறிநாய்க்கடி ஊசி போட்டிருக்கிறதா, நைன் இன் ஒன் என்னும் கூட்டுத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்ற வழக்கமான கேள்விகளுக்குப் பின்னால், "கென்னல் காஃப் போட்டாயிற்றா?" என்று இன்னொரு கேள்வி வருகிறது. நாய் வளர்ப்பவர்களில் பலர் இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்பது அப்போதுதான். பயணத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது, போடாவிட்டாலும் மனம் ஒப்பாது. எனவே இதை அவசரமில்லாத ஒரு நாளில், நாயின் தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

கென்னல் காஃப் என்பது ஒரே கிருமியால் வரும் நோய் அன்று. நாய்கள் நெருக்கமாக அடைபட்டிருக்கும் இடங்களில் பரவும் மூச்சுக்குழாய்த் தொற்றுகளுக்கெல்லாம் சேர்த்து வழங்கும் பொதுப்பெயர் அது. போர்டெடெல்லா என்னும் பாக்டீரியா, பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ், அடினோ வைரஸின் இரண்டாம் வகை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவை தவிர மைக்கோபிளாஸ்மாவும் வேறு சில வைரஸ்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று கிருமிகள் கூட்டாகவே தாக்குகின்றன. இவற்றில் போர்டெடெல்லாவின் குடும்பம் நமக்குப் புதியதன்று. குழந்தைகளுக்குக் கக்குவான் இருமலை உண்டாக்கும் கிருமி அதன் நெருங்கிய உறவுதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இடைவிடாமல் அசைந்து, தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்ணிய மயிரிழைகளில் போய் ஒட்டிக்கொண்டு, அவற்றை இந்தக் கிருமி செயலிழக்கச் செய்கிறது. உள்ளே துடைப்பம் நின்றுபோனால் குப்பை தேங்குகிறது. பிற கிருமிகளுக்கு வழி திறக்கிறது. வறட்டு இருமல் வாரக்கணக்கில் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் நாய் மணிக்கு இது வந்தபோது எனக்கு இவை எதுவும் தெரியாது. ஒரு போர்டிங்கில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தவன், ஐந்தாம் நாள் நள்ளிரவில் கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமினான். ஒவ்வொரு இருமலின் முடிவிலும் குமட்டி, வெள்ளை நுரையைக் கக்கினான். நாங்களும் எலும்புதான் என்று நினைத்து, வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. காலையில் மருத்துவர் அவன் கழுத்தின் முன்புறம் மூச்சுக்குழாயின்மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். உடனே அதே இருமல் வந்தது. "சமீபத்தில் எங்கே விட்டிருந்தீர்கள்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பன்னிரண்டு நாளில் மணிக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் கம்பிக் கதவின் வழியே அவனோடு மூக்கு உரசி விளையாடிய பக்கத்து வீட்டுப் பக் குட்டிக்கு இருமல் தொற்றி, நிமோனியாவாக முற்றி, அது ஒரு வாரம் டிரிப்ஸில் கிடந்து பிழைத்தது. ஒரே நோய் ஒரு நாய்க்குத் தொந்தரவாகவும் இன்னொன்றுக்கு உயிராபத்தாகவும் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இந்தத் தடுப்பூசி எல்லா நாய்க்கும் ஒரேபோல் பொருந்தும் கேள்வி அல்ல என்று நான் சொல்வது அதனால்தான்.

முதலில் அட்டையைப் பாருங்கள்

முடிவெடுக்கும் முன் உங்கள் நாய்க்கு ஏற்கெனவே என்ன போட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டையில் மருத்துவர் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டி.ஹெச்.பி.பி.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயையும், அடுத்தது கல்லீரல் அழற்சியையும், மூன்றாவது பார்வோ என்னும் கடும் குடல் நோயையும் குறிக்கின்றன. கடைசியில் வரும் 'பி.ஐ.' பாராஇன்ஃபுளுயன்சாவைக் குறிக்கிறது. கல்லீரல் அழற்சிக்கு எதிராகத் தடுப்பூசியில் சேர்ப்பது பெரும்பாலும் அடினோ வைரஸின் இரண்டாம் வகையைத்தான். அது கென்னல் காஃபுக்குக் காரணமான வைரஸ்களில் ஒன்று. ஆக, செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று நாம் சொல்லும் ஊசியை ஒழுங்காகப் போட்டுவந்த நாய்க்கு இந்த நோய்க் கூட்டத்தில் இரண்டு கிருமிகளுக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. விடுபட்டிருப்பது போர்டெடெல்லா. கென்னல் காஃப் தடுப்பூசி என்று தனியாகக் கேட்பது முதன்மையாக அதற்காகத்தான்.

அட்டையில் வெறிநோய் ஊசியோ இந்தக் கூட்டு ஊசியோ தவறியிருந்தால், கென்னல் காஃப் பற்றிய யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அவற்றை முடியுங்கள். இந்த வரிசையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெறிநோய் வந்தால் நாயும் பிழைக்காது, அது கடித்த மனிதருக்கும் உயிராபத்து. பார்வோவும் டிஸ்டெம்பரும் குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோகக்கூடியவை. உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும் டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ ஆகியவற்றையும், வெறிநோய் நிலவும் நாடுகளில் அதற்கான ஊசியையும் எல்லா நாய்க்கும் அவசியமானவையாக வகுத்துவிட்டு, போர்டெடெல்லாவை நாயின் வாழ்க்கைச் சூழலைப் பொறுத்துத் தீர்மானிக்க வேண்டியதாக வைத்திருக்கிறது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், எதை முதலில் போடுவது என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

உங்கள் நாய் யாரோடு மூச்சு விடுகிறது?

எந்தச் சாதி, என்ன விலை, எவ்வளவு செல்லம் என்பவையெல்லாம் இங்கே இரண்டாம் பட்சம். மற்ற நாய்களோடு ஒரே காற்றை எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கத்தில் பகிர்ந்துகொள்கிறது என்பதே முதல் கேள்வி. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள், மூக்கோடு மூக்கு உரசுவது, பொதுத் தண்ணீர்க் கிண்ணம், எச்சில் பட்ட பொம்மை ஆகியவையே இந்நோய் பரவும் வழிகள். கதவு ஜன்னல் அடைத்த ஏ.சி. அறையில் இருபது கூண்டுகள் வரிசையாக இருக்கும் போர்டிங்கும், திறந்த மைதானத்தில் காலையில் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று மோந்துவிட்டு விலகுவதும் ஒரே அளவு ஆபத்து அல்ல.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் போர்டிங்கில் விடுபவர்கள், பகல் நேரக் காப்பகத்துக்கோ குழுவாகப் பயிற்சி தரும் இடத்துக்கோ அனுப்புபவர்கள், ஊட்டியில் கோடையில் நடப்பது போன்ற நாய்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுசெல்பவர்கள், காப்பகங்களிலிருந்து நாய்களைத் தற்காலிகமாக வீட்டுக்கு அழைத்துவந்து பராமரிப்பவர்கள் ஆகியோர் தடுப்பூசி போடுவதே சரி என்பது என் கருத்து. பல நாய்கள் வந்துபோகும் குரூமிங் கடைக்கு மாதம் தவறாமல் போகும் நாயையும் இதில் சேர்ப்பேன். மாறாக, தோட்டத்து வீட்டில் தனியாக வளரும், வாக்கிங்கில் எட்ட நின்றே மற்ற நாய்களைப் பார்க்கும், நீங்கள் ஊருக்குப் போனாலும் வீட்டிலேயே உறவினர் பார்த்துக்கொள்ளும், உடல்நலமுள்ள நடுவயது நாய்க்கு இது கட்டாயமில்லை. போடாததற்காக அந்த வீட்டார் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

தெருநாய்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வாசலில் தெருநாய்கள் நடமாடுவது மட்டுமே இந்த ஊசிக்குப் போதிய காரணமாகாது; ஆனால் உங்கள் நாய் அவற்றோடு தினமும் கம்பிக் கதவில் மூக்கு வைத்துப் பழகினால், ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்தால், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக நாயின் உடலைப் பார்க்க வேண்டும். பழகும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும், நோய் வந்தால் தாங்காத நாய்களுக்கு முடிவு ஊசியின் பக்கம் சாய வேண்டும். சில மாதக் குட்டிகள், முதிய நாய்கள், இதய நோயோ நாள்பட்ட மூச்சுக் கோளாறோ உள்ளவை, பக், ஷீ ட்ஸூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்கள் இதில் அடங்கும். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் சிலவற்றுக்கு மூச்சுக்குழாய் வயதாக ஆகத் தளர்ந்து அமுங்கும் கோளாறு உண்டு. அவற்றுக்கு வாரக்கணக்கான இருமல் பெரும் வதை.

மூக்கில் விடும் மருந்தா, ஊசியா?

வாய்வழி தரும் வகையும் சில நாடுகளில் உண்டு என்றாலும், இங்கே இரண்டு வகைகளைப் பார்ப்போம். ஒன்று, ஒரு நாசித் துவாரத்தில் சில துளிகளாக விடுவது. மற்றொன்று, தோலுக்கடியில் போடும் ஊசி. மூக்கில் விடும் மருந்தில் உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமிகள் இருக்கின்றன. கிருமி நுழையும் வாசலிலேயே எதிர்ப்பைத் தூண்டுவதால் ஒரே டோஸில், சில நாள்களுக்குள்ளாகவே போர்டெடெல்லாவுக்கு எதிராக அது வேலை செய்யத் தொடங்குகிறது. அதோடு சேர்ந்திருக்கும் பாராஇன்ஃபுளுயன்சா பகுதிக்கு மூன்று வாரம் வரை தேவைப்படும். ஊசியோ முதன்முறை போடும்போது இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸாகப் போட வேண்டியது. எதுவானாலும் ஆண்டுதோறும் மறுபடி போட வேண்டும். எனவே நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள். மூக்கில் விடும் மருந்து என்றால் போர்டிங்கில் விடும் நாளுக்கு மூன்று வாரம் முன்னால். முதன்முறை ஊசி என்றால் ஆறு வாரம் முன்னால். எல்லாக் கிளினிக்கிலும் எல்லா நேரமும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டு வரவழைக்கச் சொல்லுங்கள்.

மூக்கில் விடச் சம்மதிக்கும் நாய் எனக்குத் தெரிந்து குறைவு. மணியைச் சுவரோரம் உட்கார வைத்து, நான் அவன் மார்பை அணைத்துக்கொள்ள, மருத்துவர் முகவாயைச் சற்றே மேலே தூக்கி ஒரே அழுத்தில் விட்டுவிட்டார். நான்கைந்து முறை தும்மினான், அவ்வளவுதான். அடுத்த சில நாள்களில் லேசான தும்மலோ மூக்கு ஒழுகலோ இருமலோ வரலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். எந்தத் தடுப்பூசிக்குப் பிறகும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே காத்திருங்கள். முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, நாய் துவண்டாலோ உடனே சொல்ல வேண்டும்.

சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கில் விடும் மருந்தைத் தவறுதலாக ஊசியாகப் போட்டுவிட்டால் அந்த இடம் சீழ் பிடிப்பது மட்டுமல்ல, கல்லீரலே கெடக்கூடும். ஆகவே வாங்கி வந்து வீட்டில் நீங்களே போட முயல வேண்டாம். நாய் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால் மருந்திலுள்ள பாக்டீரியா செத்துப்போய்த் தடுப்பு வீணாகும் என்பதால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையிலோ, உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்திலோ இருப்பவர்கள் யாராவது இருந்தால் அதை முதலிலேயே கூறுங்கள். மருந்து விட்ட நாய் அந்தக் கிருமியைச் சில வாரங்கள் மூக்கின் வழியே வெளியேற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அத்தகைய வீட்டுக்கு ஊசியே பொருத்தம்.

போட்டுக்கொண்ட நாய்க்கு இருமலே வராது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். கிருமிகள் பல, தடுப்பு சிலவற்றுக்குத்தான். நோய் வந்தாலும் லேசாக வந்து விரைவில் தணியும் என்பதே இதன் நியாயமான பலன். அதனால் ஊசி போட்ட பிறகும் போர்டிங்கை நேரில் போய்ப் பாருங்கள். காற்றோட்டம் எப்படி, கிண்ணங்கள் தனித்தனியா, தினமும் கழுவுகிறார்களா, இருமும் நாயை எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். எல்லா நாய்க்கும் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் இடம், கேட்காத இடத்தைவிட நல்லது.

நாய் ஏற்கெனவே இருமத் தொடங்கியிருந்தால் தடுப்பூசிக்கு அது நேரமல்ல. குணமான பிறகே போட முடியும். இருமலையெல்லாம் கென்னல் காஃப் என்றும் எண்ணிவிடாதீர்கள். கண்ணிலும் மூக்கிலும் பீளையும் சளியும் வடிந்து, காய்ச்சலோடு சாப்பாட்டை வெறுத்தால் டிஸ்டெம்பராகவோ நிமோனியாவாகவோ இருக்கலாம்; வயதான நாய் இரவில் படுத்த நிலையில் இருமினால் இதயத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும். வழக்கமான கென்னல் காஃப் நாய் நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும், இருமல் மட்டும் இருக்கும். அதற்குக் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை மாட்டுங்கள். புகையும் சாம்பிராணியும் எட்டாத இடத்தில் படுக்க விடுங்கள். இருமல் நின்ற பிறகும் சில வாரங்கள் மற்ற நாய்களிடமிருந்து விலக்கி வையுங்கள், ஏனெனில் கிருமி அதற்குப் பின்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். கிளினிக்குக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் இருமலைப் பற்றிச் சொல்லிவிட்டு, உங்கள் முறை வரும்வரை நாயை வண்டியிலேயோ வெளியே மரத்தடியிலேயோ வைத்திருங்கள். உள்ளே பெஞ்சில் யாரோ ஒருவர் மடியில், முதல் ஊசிக்காகக் கொண்டுவந்த குட்டி இருக்கும்.