ஆறாத வாய்ப்புண்ணில் கொப்புள நோயின் அடையாளங்களைப் பார்ப்பது எப்படி

தோலில் கொப்புளம் கிளப்பும் நோய்களில் சில, தோலைத் தொடுவதற்கு முன்பே வாயில் தலைகாட்டிவிடுகின்றன. பெம்பிகஸ் வல்காரிஸ் என்னும் நோயில் பெரும்பாலோருக்கு முதலில் வருவது வாய்ப்புண்தான். மார்பிலும் முதுகிலும் தலையிலும் கொப்புளம் கிளம்ப வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். எங்கள் அமுச்சிக்கு (அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு) வாய் புண்ணானபோது, 'உடம்புச் சூடு' என்று முடிவுகட்டி, மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையுமாக மூன்று மாதத்தை ஓட்டினோம். அதுவரை அவருடைய வாயை ஒருவரும் நல்ல வெளிச்சத்தில் பார்க்கவில்லை.

காலையில், சாப்பிடுவதற்கு முன், நோயாளியைத் திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்கார வையுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் உதடுகளின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறுகள், நாக்கின் அடிப்புறம், அண்ணம், தொண்டையின் வாசல் என்று ஓர் இடம் விடாமல் பார்த்து, தெரிவதைச் செல்போனில் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான வாய்ப்புண் சிறியது, வட்டமானது. நடுவில் மஞ்சளாகவும் சுற்றிலும் சிவந்தும் இருக்கும். பெரும்பாலும் 7 முதல் 14 நாளில் தானே ஆறிவிடும். பெம்பிகஸ் புண்ணுக்கு அப்படி ஒழுங்கான வடிவம் கிடையாது. ஓரம் கிழிந்தாற்போல இருக்கும். தோலுரிந்த இடம் செக்கச்செவேலென்று தெரியும். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். உடலின் எதிர்ப்பாற்றல், செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் டெஸ்மோக்ளீன் 3 என்னும் புரதத்தையே தாக்குவதால் வாயின் மேற்படலம் பிடிப்பிழந்து பிரிகிறது. அங்கே உண்டாகும் கொப்புளத்தின் மேல்தோல் மிக மெல்லியது என்பதால், சோற்றுப் பருக்கை உரசினாலும் உடைந்துவிடும். ஆகவே, 'வாயில் கொப்புளமே காணோமே' என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை. படலம் உரிகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம். அந்தச் சோதனையை மருத்துவர் செய்யட்டும்.

ஈறு மட்டும் சிவந்து, பல் துலக்கும்போது தோலாக உரிந்து வந்தால் அது மியூகஸ் மெம்பரேன் பெம்பிகாய்டு என்னும் இன்னொரு கொப்புள நோயாக இருக்கலாம். இதில் கண்ணையும் பார்க்க வேண்டும்: கண் உறுத்தல், சிவப்பு, இமை ஒட்டிக்கொள்வது போன்ற உணர்வு இருந்தால் கண் மருத்துவரிடம் உடனே காட்டாவிட்டால், தழும்பு விழுந்து பார்வையே போகக்கூடும். கன்னத்தின் உட்புறத்தில் வலைபோல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் லைக்கன் பிளானஸ் என்னும் அழற்சி நோயோ என்று சந்தேகிக்கலாம்.

வலிப்பு மாத்திரை, சல்பா வகை மருந்து, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் போன்ற மருந்தைப் புதிதாகத் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும், உதட்டில் இரத்தம் காய்ந்த பொருக்கும், உடம்பில் தோல் உரிதலும் சேர்ந்து வந்தால், ஒரு நாளும் காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கொப்புளம் என்றாலே நம் பக்கத்தில் 'அக்கி' என்று சொல்லிக் காவியால் எழுதச் சொல்வார்கள். அக்கி தானாகவே ஆறும் நோய் என்பதால் எழுதினாலும் ஆறியது, எழுதாவிட்டாலும் ஆறியது. பெம்பிகஸ் அப்படி ஆறுவதில்லை. அது தொற்றுநோயும் அன்று. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது அவர் மனத்தைப் புண்படுத்துவதைத் தவிர வேறெதற்கும் பயன்படாது.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை, புற்றுநோய்க்கும் வாய்ப்புண்டு என்பதால், எப்படியும் காட்டியாக வேண்டும். கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுக்குப் போகலாம். புண் தொடங்கிய நாள், சாப்பிடும் மருந்துகள், குரல் கம்மல், விழுங்குவதில் வலி, மூக்கிலோ பிறப்புறுப்பிலோ புண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள். பயாப்ஸி என்னும் திசுச் சோதனைக்கு வழக்கமாக இரண்டு துணுக்குகள் எடுப்பார்கள்: ஒன்று, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போகும், நோயை உண்டாக்கும் எதிர்ப்பொருள் படிந்திருக்கிறதா என்று காட்டும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கான மற்றொன்றை ஃபார்மலினில் போடக் கூடாது. துணுக்கை ஆய்வகத்துக்கு நீங்களே எடுத்துச் செல்ல நேர்ந்தால், எந்தப் புட்டி எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு வாங்கி விழுங்குவதும், மருத்துவர் கொடுத்ததைப் புண் குறைந்ததும் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

சாப்பாட்டில் முதலில் விட வேண்டியது உறைப்பும் புளிப்பும். முறுக்கு, வறுத்த கடலை, வெற்றிலை பாக்கு ஆகியவையும் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால், எரிச்சல் தராத பேஸ்டைக் கொண்டு பல் துலக்கலாம். அமுச்சிக்கு அரிசிம்பருப்புச் சோற்றை மிளகாய் சேர்க்காமல் குழைய வடித்து, சூடு முழுக்க ஆறிய பிறகு நெய் விட்டுக் கொடுத்தோம். அதைத்தான் அவரால் முகம் சுளிக்காமல் விழுங்க முடிந்தது.