ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடும்போது செய்யும் தவறுகள்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வாழும் ஒருவர், 1832-ல் கப்பலேறி வந்த தன் எள்ளுத் தாத்தா ஜான் மெக்டொனால்டைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பில் ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் பெயரைப் போடுகிறார். ஜான் மெக்டொனால்டுகள் வந்து குவிகிறார்கள். வயது ஒத்துவரும் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறார். அதற்கு மேல் அவர் கண்டுபிடிப்பதெல்லாம் வேறு யாருடைய குடும்பமோ.

முதலில் குடியேறிய ஊரில் தேடுங்கள். தேவாலயப் பதிவு, உயில், நிலப் பத்திரம், இரங்கல் செய்தி, அப்புறம் கல்லறை. அங்குள்ள பழைய கல்லறைக் கற்களில், இறந்தவர் ஸ்காட்லாந்தில் எந்தப் பக்கத்துக்காரர் என்று செதுக்கியிருப்பதுண்டு. "கிளாஸ்கோவிலிருந்து வந்தவர்" என்ற வீட்டுப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அது கப்பல் ஏறிய இடமாக மட்டும் இருக்கலாம். சொந்த ஊர் ஏதோ ஒரு தீவாக இருக்கும்.

பலரும் கோட்டைவிடுவது அம்மா வழியில்தான். ஸ்காட்லாந்து ஆவணங்களில் திருமணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடுவதில்லை; கல்லறையிலும் பெரும்பாலும் அதுவே இருக்கும். நூறு ஜான் மெக்டொனால்டுகளில் நம்மவரைப் பிரித்துக் காட்டுவது அவர் தாயின் பெயர். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு படிகூட மேலே ஏறாதீர்கள்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவதும் தவறு. ஜேனட்டும் ஜெஸ்ஸியும் ஒரே பெண்ணாக இருக்கலாம். பேட்ரிக் இன்னொரு ஏட்டில் பீட்டர் ஆகியிருப்பார். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும்கூட ஆண்ட்ரூவின் மகன் ஆண்ட்ரூசன் ஆனார். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் நம் இனிஷியல் மாதிரி.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சாதாரணம். உங்களுக்குக் கிடைத்தது இறந்த குழந்தையின் பதிவாகவும் இருக்கலாம். பதிவே கிடைக்கவில்லையா? 1843-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தது. பிரிந்து போனவர்களின் பதிவுகளைத் தனியாகத் தேட வேண்டும். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது சரியாக வரவில்லை என்று ஆளை ஒதுக்கவும் கூடாது. 15 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் அதில் 35.

குலப் பெயரை வைத்து உறவு சொல்வதையும் விட்டுவிடுங்கள். குலத் தலைவரின் நிலத்தில் வாழ்ந்தவர்கள் பலர் அவர் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். ரத்த உறவு இருந்தாக வேண்டியதில்லை.

ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்புகளையும் தேடுங்கள். 1855-ல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் கட்டாயப் பதிவு தொடங்கியது. இறப்புச் சான்றிதழில் பெற்றோர் இருவரின் பெயரும் கேட்கப்பட்டது. ஜான் கப்பலேறிப் போய்விட்டார், சரி. அவருடைய அண்ணன் 1871-ல் சொந்த ஊரில் இறந்திருந்தால், அவருடைய சான்றிதழில் ஜானின் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும்.