கேட்டுல பூட்டு விழுந்தா முதல்ல எங்க போகணும், கட்சி ஆபீசுக்கா லேபர் ஆபீசுக்கா?

எங்க அம்மா 22 வருஷம் அண்டி ஆபீசுல வேலை பாத்தாவ. கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டம் பக்கம், கம்பெனி பேரு வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், அண்டி ஆபீஸ்னா முந்திரி ஆலை, எங்க ஊர்ல ஆலைன்னு யாரும் சொல்லமாட்டோம். ஒருநா வெள்ளன சோத்துப் பாத்திரத்தோட போனவங்க 8 மணிக்கே திரும்பி வந்து, "சரக்கு வரலியாம், சொல்லி விடுறோம் அப்பம் வந்தா போதும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்"னு சொல்லிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டாவ. அந்த "சொல்லி விடுறோம்" 4 மாசம் ஓடிச்சு. அதுக்குள்ள மூணு கட்சிக்காரங்க வீட்டுக்கு வந்து போனாவ, வேட்டிக்கரை தான் வேற வேற, பேச்சு ஒண்ணு தான், "நாங்க பாத்துக்கிடுதோம்". கடைசியில கையில வந்தது ரொம்ப கொஞ்சம். கட்சிக்காரங்க ஏமாத்துனதுன்னு ரொம்ப நாள் நினைச்சுட்டு இருந்தேன், பொறவு தான் தெரிஞ்சுது, அவங்க போய் பேசுறதுக்கு எங்ககிட்ட ஒரு துண்டு தாளு கூட இருந்ததில்ல. அதுக்கப்புறம் கொஞ்சம் பேருக்கு மனு எழுதி குடுத்து, லேபர் ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். அண்டி ஆபீசுக்கு மட்டும் இல்ல, ரப்பர் எஸ்டேட்டுல பால் வெட்டுறவங்களுக்கும் இது ஆகும்.

முதல்ல ஒரு வார்த்தை. கம்பெனி "லீவு"ன்னு சொன்னா நீங்க "லே-ஆஃப்"னு எழுதுங்க. இது வெறும் பேரு விஷயம் இல்ல. சரக்கு இல்ல, கரண்ட் இல்ல, ஆர்டர் இல்லேன்னு உங்களுக்கு வேலை குடுக்க முடியலன்னா சட்டத்துல அதுக்கு பேரு லே-ஆஃப். 50 பேரோ அதுக்கு மேலயோ உள்ள ஃபேக்டரி, எஸ்டேட்டுல ஒரு வருஷம் தொடர்ச்சியா வேலை பாத்தவங்களுக்கு அந்த நாளுக்கு அடிப்படை சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததுல பாதி குடுக்கணும்; வருஷத்துல 45 நாளுக்கு மேல போனா, அதுக்கு மேல இல்லன்னு ஒப்பந்தம் இருந்தா மட்டும் தான் நிறுத்தலாம். அதைவிட பெருசு என்னன்னா வருஷத்துக்கு 240 நாள் கணக்கு பாக்குறப்போ லே-ஆஃப் நாளும் வேலை பாத்த நாளா சேரும், நீங்களா சம்பளமில்லாம லீவு போட்ட நாளு சேராது, அதனால தான் ரிஜிஸ்டர்ல நைசா லீவுன்னு எழுதி வைக்குறாங்க. 240 நாள் முறிஞ்சா வருஷக் கணக்கு முறியும், வருஷக் கணக்கு முறிஞ்சா கிராச்சுட்டி, அதாவது வேலையை விடும்போது வர பணிக்கொடை, முறியும். அம்மாவுக்கு முறிஞ்சது அப்படித்தான்.

இன்னொண்ணு, இது ரொம்ப பேருக்கு தெரியாது. லே-ஆஃப் காசு வேணும்னா குறிச்ச நேரத்துக்கு தினம் ஒருக்கா கம்பெனியில போய் ஆஜராகணும், வீட்டுல இருந்தா "வரவே இல்ல"ன்னு சொல்லி தட்டி கழிச்சிருவாங்க. அதனால வேலை இல்லேன்னாலும் போங்க, பத்து பேரா போங்க, உள்ள விடலன்னா கேட்டுக்கு முன்னால நின்னு பூட்டும் போர்டும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுங்க, அன்னைக்கு தேதியை போட்டு எல்லாரும் ஒரு நோட்டுல கையெழுத்து போடுங்க. 40 பக்க நோட்டு ஒண்ணு போதும். பைசா கணக்கு, வருகை, யாரு என்ன சொன்னான்னு எல்லாம் அதுலயே. பழைய சம்பளக் கவர், பி.எஃப். எஸ்.எம்.எஸ்., ஈ.எஸ்.ஐ. கார்டு, தீபாவளிக்கு போனஸ் குடுத்தப்போ தந்த துண்டு சீட்டு, எதையும் தூரப் போடாதீங்க. கிலோ கணக்குல தொலி உரிச்சவங்க எத்தனை கிலோன்னு எழுதி வைங்க, ஏன்னா கிலோ கணக்குக்கு கிராச்சுட்டி போடும்போது கடைசி 3 மாச சம்பளத்தோட சராசரி தான் பாப்பாங்க. கடைசி 3 மாசம் வேலையை குறைச்சு குடுத்துட்டு பொறவு கணக்கு தீக்க கூப்பிடுறவங்களும் உண்டு, அதையும் மனசுல வச்சுக்கிடுங்க.

அடுத்தது பேனா விஷயம். நஷ்டம்னு சொல்லி ஆள் குறைக்குறப்போ ஒரு தாளை நீட்டுவாங்க, "இதுல ஒரு கையெழுத்து, கையில 10,000 ரூபா, பிள்ளைக்கு பீஸ் கட்டணும்லா". அந்த தாள்ல "என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்"னு இருக்கும். போட்டா போச்சு. நீங்களா விலகுனா ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. அவங்க நிறுத்துனா ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அந்த ஒரு மாசத்துக்கு உள்ள சம்பளம், அதோட முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். இதுக்கு மேல கிராச்சுட்டி தனி, 5 வருஷம் முடிச்சவங்களுக்கு, அதுவும் வருஷத்துக்கு 15 நாள் கணக்கு தான். ஒரு நாளைக்கு 400 ரூபான்னு வச்சு 20 வருஷம் போட்டு பாருங்க, 400 பெருக்கல் 15 பெருக்கல் 20, ஒரு லட்சத்து 20 ஆயிரம். ரெண்டு தலைப்புலயும் சேர்ந்தா ரெண்டு லட்சத்து 40 ஆயிரம். அதுல இழப்பீட்டுப் பாதிய 10,000 ரூபாய்க்கு விக்குறோம்; கிராச்சுட்டி நீங்களா விலகுனாலும் உண்டு, அத விட்டுறாதீங்க. (சீசன் கம்பெனின்னு சொல்லி கிராச்சுட்டியில ஒரு சீசனுக்கு 7 நாள் தான்னு ஒரு கணக்கு காட்டுவாங்க, வருஷம் முழுக்க ஓடுற கம்பெனிக்கு அந்த கதை ஆகாது.) எழுத வாசிக்க வராத அக்காமாருக்கு ஒண்ணு தான் சொல்லுவேன், "வீட்டுல மகன்கிட்ட வாசிச்சுட்டு நாளைக்கு தாறேன்"னு சொல்லுங்க. நாளைக்குன்னு சொன்னா ஒருத்தரும் அடிக்கமாட்டாங்க.

2025 நவம்பர் 21-ல இருந்து பழைய 29 சட்டத்துக்கு பதிலா 4 தொகுப்பு சட்டம் அமலுக்கு வந்திருக்கு. நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு. நல்லது, வேலையை விட்டு நிறுத்துனா 2 வேலை நாளுக்குள்ள சம்பள பாக்கி தீக்கணும். கெட்டது, லே-ஆஃப், ஆட்குறைப்பு, மூடல் இதுக்கெல்லாம் அரசாங்கத்துகிட்ட முன் அனுமதி வாங்கணும்ங்கிற கட்டாயம் முன்னாடி 100 பேர் இருந்தாலே உண்டு, இப்பம் 300 ஆயிட்டு. நம்ம ஜில்லாவுல 300 பேருக்கு மேல உள்ள கம்பெனிகள நீங்களே விரல் விட்டு எண்ணி பாருங்க. அதுலயும் ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு பேருல ரெண்டு ரிஜிஸ்டர் வச்சு ஆளை பிரிச்சு காட்டுறவங்க உண்டு, அப்படி இருந்தா ஒரே கேட்டு, ஒரே சூப்பர்வைசர், ஒரே கரண்ட் மீட்டர்னு மனுவுல எழுதுங்க. வேலைநிறுத்தத்துக்கும் எல்லா தொழிலுக்கும் 14 நாள் முன் நோட்டீஸ் வேணும், பாதி ஆளுகளோ அதுக்கு மேலயோ சொல்லி வச்சு ஒரே நாள் லீவு எடுத்தாலும் வேலைநிறுத்தம் தான்னு எழுதிட்டாங்க. அதனால கோவத்துல "நாளைக்கு ஒருத்தரும் உள்ள போகாண்டாம்"னு முடிவெடுக்காதீங்க, கம்பெனி அதைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கும்.

சரி, கட்சி. கட்சி வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. பூதப்பாண்டியில பொறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா ஊர்க்காரங்க நாம, இந்த ஜில்லாவுல சங்கம் கட்சி இல்லாம வளரல. ஆனா எந்த வேலைக்கு எந்த கட்சின்னு பிரிச்சு பாக்கணும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., மேல சொன்ன 4 சட்டம், வெளிநாட்டு அண்டிக்கு இறக்குமதி வரி, இதெல்லாம் டெல்லி. ஆப்பிரிக்காவுல இருந்து வர பச்சை அண்டிக்கு உள்ள வரி 2018 பட்ஜெட்டுல 5 சதவீதத்துல இருந்து 2.5 ஆனது, அத பேச வேண்டியது எம்.பி., கவுன்சிலர் இல்ல. குறைந்தபட்ச கூலி அறிவிக்கிறது, லேபர் ஆபீசரை அனுப்பி ரிஜிஸ்டரை பாக்க வைக்கிறது, நலவாரியம், அரசு ரப்பர் கழகம், இதெல்லாம் சென்னை, அதுக்கு எம்.எல்.ஏ. டெல்லி விஷயத்த எம்.எல்.ஏ.கிட்ட கேட்டா அவரு டெல்லியை திட்டுவாரு, சென்னை விஷயத்த எம்.பி.கிட்ட கேட்டா அவரு சென்னையை திட்டுவாரு, நமக்கு திட்டு கேட்டதுதான் மிச்சம்.

ஆளுங்கட்சி சங்கத்துல சேந்தா வேலை சீக்கிரம் முடியும்னு ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. 2023 ஏப்ரல் 21-ல 12 மணி நேர வேலைக்கு வழி விடுற மசோதாவ சட்டசபையில நிறைவேத்துனது தி.மு.க. அரசு தான், எதிர்த்து வெளிநடப்பு செஞ்சது அவங்க கூட்டணிக்காரங்களே, அவங்க சொந்த சங்கம் தொ.மு.ச. கூட எதிர்த்துச்சு, மே 1-ல வாபஸ்னு அப்போ முதல்வரா இருந்த ஸ்டாலின் அறிவிச்சாரு. அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங்ல மார்க்சிஸ்ட் கட்சியோட சி.ஐ.டி.யு. சங்கம் 37 நாள் வேலைநிறுத்தம் பண்ணுனப்போ, கூட்டணி கட்சியோட சங்கம்னு பாத்து அரசாங்கம் இளகல. ஒரே கட்சிக்குள்ளயும் கூட்டணிக்குள்ளயும் சங்கம் ஒரு பக்கம், ஆட்சி ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுவையில தான் நமக்கு இடம் இருக்கு. அதனால ஒரே மனுவ, ஒரு எழுத்து மாத்தாம, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, டெல்லியில ஆளுற கட்சி எல்லாருக்கும் குடுங்க. நம்ம ஊர்ல ஓட்டு எப்படி பிரியும்னு எல்லாருக்கும் தெரியும், கட்சி, சாதி, சர்ச், கோயில் கமிட்டின்னு. கேட்டுல நிக்குறப்போ அது எதுவும் வேண்டாம், கொடி இல்லாம நில்லுங்க. கொடி வந்தா மறு கொடிக்காரி வரமாட்டா. எங்க அம்மா கூட உரிச்ச மைனி ஒருத்தி அப்படித்தான் பாதியில வீட்டுக்கு போயிட்டாவ.

சங்கம் ஏற்கெனவே இருந்தா சந்தா ரசீது வாங்குங்க, ரசீது இல்லாட்டி நீங்க உறுப்பினர்னு காட்டுறது கஷ்டம். இல்லேன்னா 7 பேர் சேந்து பதிவுக்கு விண்ணப்பம் போடலாம், ஆனா மொத்த ஆளுல 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அவ்வளவு பேர் உறுப்பினரா இருக்கணும். வெளியாளு நிர்வாகியா மூணுல ஒரு பங்கு அல்லது 5 பேர், எது குறைவோ அதுக்கு மேல இருக்கக்கூடாது. அதாவது தலைவரு கட்சிக்காரரா இருக்கலாம், செயலாளரும் பொருளாளரும் உங்க கூட தொலி உரிக்கிறவளா இருக்கட்டும், முக்கியமா சாவியும் நோட்டும் அவகிட்ட இருக்கட்டும். இன்னொரு விஷயம், சங்கம் கட்சி அரசியலுக்கு பிரிக்குற நிதி தனி கணக்கா தான் இருக்கணும், அதுக்கு குடுக்கமாட்டேன்னு சொன்ன உறுப்பினரை ஒதுக்கக்கூடாது. மாநாட்டு நிதின்னு 200 கேட்டு வந்தா, இஷ்டம்னா குடுங்க, இல்லேன்னா பயப்படாண்டாம்.

மனு ஒரு பக்கம் தான். "ஐயா, நாங்கள் கடந்த பல வருடங்களாக மிகுந்த சிரமத்தில்"னு ஆரம்பிச்சா யாரும் ரெண்டாவது வரி வாசிக்கமாட்டாங்க. இப்படி எழுதுங்க: "இத்தனையாம் தேதி முதல் எங்களுக்கு வேலை தரவில்லை. நாங்கள் 64 பேர். எழுத்து மூலம் அறிவிப்பு தரவில்லை. தினமும் ஆஜராகிறோம், கையெழுத்துப் பட்டியல் இணைப்பு. லே-ஆஃப் இழப்பீடும் வேலை தொடங்கும் தேதியும் கேட்கிறோம்." அவ்வளவு தான். சட்டப்பிரிவு நம்பர் நிச்சயமா தெரிஞ்சா போடுங்க, தெரியலன்னா விட்டுருங்க, தப்பு நம்பர் போட்டா அத வச்சே ஓரங்கட்டுவாங்க. முதல் காப்பி கம்பெனிக்கு, ரெண்டாவது லேபர் ஆபீசுக்கு, பொறவு தான் கட்சிகளுக்கு. தபால்ல அனுப்புறதா இருந்தா ஸ்பீடு போஸ்ட்ல பதிவு பண்ணி அனுப்புங்க, பழைய ரிஜிஸ்டர் தபால் 2025-ல அதோட சேந்துட்டு. ரெண்டு மாசம் ஒண்ணும் நடக்கலன்னா 10 ரூபாய்க்கு ஒரு தகவல் உரிமை மனு, "எங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன", 30 நாள்ல பதில் சொல்லணும். வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் இலவசம், 15100-க்கு போன் போட்டாலும் வழி சொல்லுவாங்க.

தலைவர் வந்து "ஒரிஜினல குடுங்க, நான் மந்திரிகிட்ட காட்டுறேன்"னு சொல்லுவாரு. ஜெராக்ஸ் குடுங்க. கம்பெனி ஆபீஸ் ரூமுக்குள்ள தலைவர் மட்டும் பேசி கையெழுத்து போட்ட ஒப்பந்தம் அதுல சேந்த தரப்பை மட்டும் தான் கட்டும், லேபர் ஆபீசர் முன்னாடி போட்டா எல்லாரையும் கட்டும். பழைய ஆளுக இத பழைய சட்டத்தோட பிரிவு நம்பர் வச்சு "பன்னெண்டு மூணு"ன்னு சொல்லுவாவ, சட்டம் மாறுனாலும் வாயில அந்த நம்பர் தான் இருக்கு. "லேபர் ஆபீஸ்ல வச்சு போடுவோம் அண்ணே, நாங்க ரெண்டு பேரும் கூட வாறோம்"னு மரியாதையா சொல்லுங்க, நல்ல தலைவருன்னா சந்தோஷமா கூட்டிட்டு போவாரு.

சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவங்க ஒண்ணு விசாரிங்க. வேலை போனா 90 நாள் வரைக்கும் சராசரி தினக்கூலியில பாதி தர ஒரு திட்டம் உண்டு, அடல் பேரு வச்சது, அத அப்பப்போ நீட்டிச்சு தான் வராங்க, நடப்புல இருக்கான்னு ஈ.எஸ்.ஐ. ஆபீசுல கேளுங்க. கொத்தன், கையாள் வேலைக்கு போறவங்க நலவாரிய கார்டை புதுப்பிச்சு வைங்க, கார்டு செத்துப்போன பொறவு கட்சிக்காரர் சிபாரிசு கடிதம் குடுத்தாலும் கம்ப்யூட்டர் எடுக்காது.

திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு போறவங்க முந்தின நாளே ஜெராக்ஸ் எடுத்துருங்க, அன்னைக்கு அங்க கடையில நெருக்கம் தாங்காது. மனு குடுத்ததும் ஒரு நம்பர் போட்டு சீட்டு தருவாங்க, அத வாங்காம பஸ் ஏறாதீங்க. அந்த நம்பரை 40 பக்க நோட்டோட அட்டையில எழுதி வைங்க, சீட்டு மையி ஒரு மாசத்துல மங்கிப்போவும்.