பெயரின் வேரைத் தேடும் முறை

ஒரு பெயரின் பொருளை அறிய, அது இன்று வழங்கும் மொழியில் தேடாமல், அதன் மிகப் பழைய வடிவத்திலிருந்து தொடங்குங்கள். 'கடவுள் அருளினார்' எனப் பொருள்படும் எபிரேயப் பெயரான யோஹானான், கிரேக்கத்தில் யோவான்னெஸ் ஆகி, இலத்தீன் வழியே ஸ்பானியத்தில் ஹுவான், பிரெஞ்சில் ழான், ஆங்கிலத்தில் ஜான் எனத் திரிந்தது; அயர்லாந்தின் ஷான் பிரெஞ்சு வடிவத்திலிருந்து பிறந்தது. இவ்வாறு இடைப்பட்ட ஒவ்வொரு படியையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே பெயருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய அருளப்பர் என்னும் வடிவம் ஒலியை விட்டுப் பொருளைப் பின்பற்றியது. அழகான தேர்வு என்பேன். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்ப வேண்டாம். எபிரேய நவோமி 'இனிமை' என்னும் பொருளுடையது; ஜப்பானிய நவோமியோ அதனோடு உறவற்றது, எழுதப்படும் கான்ஜி எழுத்துகளுக்கேற்ப (சீனத்திலிருந்து வந்த, பொருள் குறிக்கும் எழுத்துகள்) பொருள் மாறுவது. குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் தாராளமாக வழங்கும் 'வெற்றி', 'ஒளி' போன்ற விளக்கங்களை மூலமொழி அகராதியில் சரிபார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள்.