மாரி தொடங்க முதல் அலுமாரியைத் திறவுங்கள்: பழைய பிலிமையும் கசெட்டையும் காப்பாற்றும் வழி

திருகோணமலையில் பழைய படச்சுருள் தேடுபவர் சினிமாக் கொட்டகைப் பக்கம் போகத் தேவையில்லை. உவர்மலையிலோ உப்புவெளியிலோ ஏதாவது ஒரு வீட்டில் அலுமாரிக்கு மேலே இருக்கிற சூட்கேசை இறக்கினால் போதும். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோணேசர் நகர்வலம், பள்ளிக்கூட நாடகம் என்று எழுதிய வீடியோ கசெட்டுகள் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் அடியில் ஒரு சின்னத் தகர டப்பாவில் 8 மி.மீ. பிலிம் றோலும் வரும்.

பெரிய படங்களுக்கு எப்படியாவது ஆள் கிடைத்துவிடும். சிங்கள இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'நிதானய' (1970) இத்தாலியில் பொலோஞ்ஞா நகர ஆய்வுகூடத்தில் சீரமைக்கப்பட்டு 2013இல் வெனிஸ் விழாவில் ஓடியது. வீட்டுச் சூட்கேசுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. இத்தனைக்கும் அந்தக் கசெட்டில் உள்ள ஊர், கடை, தெரு, உடுப்பு, ஆட்கள் எல்லாம் வேறு எந்தச் சினிமாவிலும் கிடையாது. அதனால் இதை நாங்களேதான் செய்ய வேண்டும், செய்யவும் முடியும். ஆனால் வரிசை மாறக்கூடாது.

முதலாவது, எடுத்தவுடன் ஓட்டிப் பார்க்காதீர்கள். எல்லாரும் செய்வது அதுதான், அதிகம் கெடுவதும் அதில்தான். சுருங்கிப்போன பிலிமைப் பழைய புரொஜெக்டரில் விட்டால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துக்கொண்டே போகும். பூஞ்சணம் பிடித்த கசெட்டை வீடியோ டெக்கில் போட்டால் உள்ளே இருக்கிற ரேப் (நாடா) அறுவது மட்டுமில்லை, ரேப்பை வாசிக்கிற ஹெட்டில் அந்தப் பூஞ்சணம் ஒட்டி அடுத்த நல்ல கசெட்டுக்கும் ஏறும்.

பிலிம் என்றால் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே அசிட்டிக் அமிலம் உண்டாகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்குகிறது, பக்கத்தில் இருக்கிற றோலையும் தொடுகிறது. ஆகவே மணக்கிற றோலை உடனே வேறு அறைக்கு மாற்றுங்கள். காற்றே போகாமல் இறுக்கி மூடவும் வேண்டாம், அமிலம் உள்ளேயே தேங்கிவிடும். பிலிம் நெளிந்து, தட்டையாகப் படியாமல் நின்றால் அந்த றோலைத்தான் முதலில் டிஜிட்டல் ஆக்க வேண்டும். நல்லதாக இருக்கிற றோல் கொஞ்சம் காத்திருக்கும்.

8, 16 மி.மீ. பிலிம்கள் எளிதில் தீப்பற்றாத வகை. 35 மி.மீ. துண்டு ஏதாவது கிடைத்து, அது 1950களின் தொடக்கத்துக்கு முந்தியதாகவும் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற அச்சு இல்லாததாகவும் இருந்தால் விளையாட வேண்டாம். அது நைட்ரேட் பிலிமாக இருக்கலாம், பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதை வீட்டுக்குள் வைக்காமல், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி வைத்து, திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றோடு கதையுங்கள்.

கசெட் என்றால் டோர்ச்சைப் பிடித்து அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் பாருங்கள். சுற்றிய ரேப்பின் ஓரம் ஒரே கறுப்பாகப் பளபளத்தால் சரி. வெள்ளையாக மாத் தூவினதுபோல், அல்லது சிலந்தி நூல்போல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். அதைத் தனியே ஒரு பையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். துடைக்கத்தான் வேண்டும் என்றால் மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். கசெட்டின் பின்பக்கம் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் தவறுதலாக யாரும் மேலே பதிய மாட்டார்கள், இதை இன்றைக்கே செய்யலாம்.

இனி எங்களுடைய ஊரின் பிரச்சினை: ஈரமும் உப்புக்காற்றும். கார்த்திகை, மார்கழி மழையில் அலுமாரிக் கதவே பொங்கி இறுகும்போது ரேப்புக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த வேலைகளைக் கச்சான் காற்று வீசுகிற ஆடி, ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று காய்ந்திருக்கும். அப்புறம், வைக்கிற இடம். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற பரண் வேண்டவே வேண்டாம். வீட்டின் நடு அறையில், நிலத்திலிருந்து உயர்த்தி, கசெட்டைப் புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள், பிலிமைப் படுக்க வையுங்கள். ஈரப்பதம் 30 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் இருந்தால் நல்லது. திருகோணமலையில் அது தானாக வராது. ஆகவே மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி (வினாகிரி மணக்கிற றோலுக்கு இது வேண்டாம்), உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் குடித்து முடித்துவிட்டது, ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசி போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், தூசியும் பூச்சியும்தான் மிச்சம்.

பிரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்பார்கள். குளிர் பிலிமுக்கு நல்லதுதான், ஆனால் கரண்ட் போகிறபோதும் வெளியே எடுக்கிறபோதும் தண்ணீர் முத்துமுத்தாகப் படியும். இரட்டைப் பையில் நன்றாக மூடி, எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடப் பொறுமை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பிலிமைத் தண்ணீரால் கழுவாதீர்கள். படம் இருக்கிற படலம் ஜெலற்றின், ஊறினால் இளகும். ஓரத்தைப் பிடித்து, நூல் உதிராத துணியால் உலர்வாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் ஆக்குவதில் காசு போகிற இடம் இதுதான், ஏமாறுகிற இடமும் இதுதான். சில கடைகளில் புரொஜெக்டரைச் சுவரில் ஓட்டி அதைக் கமராவால் பிடித்துத் தருவார்கள். அது மினுக்கி மினுக்கித்தான் இருக்கும். 'ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் பண்ணுகிறீர்களா?', 'நிறம் திருத்தாத முதல் கோப்பையும் தருவீர்களா?', 'பிலிமை வெட்டி ஒட்டாமல் திருப்பித் தருவீர்களா?' என்று மூன்றையும் கேளுங்கள். முதலாவதற்கு இல்லை என்று வந்தால் எழும்பி வாருங்கள். 8 மி.மீ.க்கு 2கே தெளிவு (குறுக்கே ஏறக்குறைய 2000 புள்ளி) போதும். வேகத்தையும் சொல்லிக் கொடுங்கள்: பழைய 8 மி.மீ. பெரும்பாலும் நொடிக்கு 16 ஃபிரேம், 1965இல் வந்த சூப்பர் 8 நொடிக்கு 18. அதைச் சொல்லாவிட்டால் அப்பப்பா கோயில் வீதியில் ஓட்டப்பந்தயம் ஓடுவார். இரண்டையும் பிரித்தறிய, துளை சின்னதாகப் படத்தின் நடுப்பக்கத்தில் இருந்தால் சூப்பர் 8, பெரிதாக இரண்டு படங்களுக்கு இடையில் இருந்தால் பழையது.

கசெட்டை வீட்டிலேயே செய்யலாம். நல்ல டெக் கிடைப்பதுதான் கஷ்டம். கடைசிவரை அவற்றைச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016இல் நிறுத்திவிட்டது. ஊரில் யாரிடமாவது ஓடுகிற டெக் இருந்தால் ஹெட்டைச் சுத்தம் செய்வித்து, முதலில் தேவையில்லாத ஒரு கசெட்டை விட்டுப் பாருங்கள். பிறகு உங்களுடைய கசெட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அதன் பின்பே பதிவு செய்யுங்கள், இறுகிப்போன ரேப் அப்போதுதான் தளரும்.

இன்னொன்று, வெளிநாட்டுக் கசெட்டுகள். எங்கள் நாட்டில் வீடியோ பதிவது பால் (PAL) முறையில், லண்டன், ஜெர்மனியிலும் அதுவே. கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய கலியாணக் கசெட் என்.ரி.எஸ்.சி. முறையில் இருக்கும், பிரான்சில் பதிந்தது செக்காம் ஆக இருக்கலாம். படம் உருண்டாலோ கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ கசெட் பழுது என்று எறிந்துவிடாதீர்கள், பல முறைகளையும் வாசிக்கிற டெக்கைத் தேடுங்கள்.

பால் கசெட்டுக்கு 720க்கு 576 அளவு, நொடிக்கு 25 ஃபிரேம். முதல் பிரதியை எப்.எப்.வி.1 போல எதையும் இழக்காத வடிவில் எடுத்து, கோடுகள் தெரிந்தாலும் அப்படியே விடுங்கள். குடும்பத்துக்குக் கொடுக்க அதிலிருந்து எச்.264இல் ஒரு சின்னக் கோப்பு செய்தால் சரி. நிறம் திருத்துவது, கீறல் எடுப்பது எல்லாம் இந்தப் பிரதியில்தான், முதல் பிரதியைத் தொடக்கூடாது. ஏ.ஐ. வைத்துத் தெளிவாக்குகிற செயலிகளில் எனக்கு நம்பிக்கையே இல்லை. மங்கலான முகத்துக்கு அது தானாக ஒரு மூக்கையும் பல்லையும் செய்து வைக்கும், பார்க்கும்போது ஆள் அழகாகத்தான் இருப்பார், ஆனால் அது உங்களுடைய மாமி இல்லை.

கோப்பு வந்த பிறகு செய்கிற வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, படத்தை ஓடவிட்டு, அவர் சொல்வதைத் தொலைபேசியில் பதியுங்கள். 'இது ராசா மாமாதானே?' என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும், 'இது ஆர்?' என்று கேளுங்கள். பிறகு பெயர், இடம், ஆண்டு, நிமிடக் கணக்கோடு ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி வீடியோவோடு சேர்த்து வையுங்கள். ஊகித்த ஆண்டுக்குப் பக்கத்தில் 'ஊகம்' என்று போடுங்கள்.

பிரதிகள் மூன்று வேண்டும், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். 2004 மார்கழியில் கடல் உள்ளே வந்த ஊர் இது, மூன்றையும் உப்புவெளி வீட்டிலேயே வைப்பதில் பிரயோசனம் இல்லை. ஒன்று கொழும்பிலோ ரொறன்ரோவிலோ உறவினரிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிப் போகும். டி.வி.டி.யை நம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஊருக்கும் பயன்படுகிற பதிவு என்றால் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' என்ற இணையக் காப்பகம் போன்ற இடத்தில் கொடுத்து வைப்பது பற்றி யோசிக்கலாம்.

ஆனால் யூடியூபில் ஏற்றுவதற்கு முதல், படத்தில் இருக்கிற ஆட்களைக் கேளுங்கள். எண்பதுகளின், தொண்ணூறுகளின் கசெட்டில் இன்று இல்லாதவர்கள் இருப்பார்கள், என்ன ஆனார்கள் என்றே தெரியாதவர்களும் இருப்பார்கள். அந்த வீட்டாருக்கு முதலில் தனியே போட்டுக் காட்டுங்கள், பிரதி ஒன்றைக் கையில் கொடுங்கள், வெளியே போடலாமா என்பதை அவர்களே சொல்லட்டும்.