சார்ஜ் ஏறாத பழைய கார்: பேட்டரிக் கடைக்கு ஓடுவதற்கு முன்

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்… டிக்…’ என்று மட்டும் சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. தெருவில் போகிற இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் வண்டி கிளம்பிவிடுகிறது. அப்படியே நேராகப் பேட்டரிக் கடை. புதுசு மாட்டியதும் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் காலையில் மறுபடியும் ‘டிக்… டிக்…’.

என்னுடைய 1996 மாருதி 800-ல் இந்தக் கூத்து நடந்தது. ஒரு புதுப் பேட்டரி, ஆல்டர்னேட்டரில் (வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) ஒரு ரிப்பேர், மூன்று மாத அலைச்சல். கோளாறு எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு செலவுமே வீண் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம்.

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டார் ஓடுகிறதா, குழாய் அடைத்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்ப்போம். தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்ட மாட்டோம். காரில் மட்டும் ஏனோ தொட்டியைத்தான் முதலில் மாற்றுகிறோம். பேட்டரி தொட்டி; ஆல்டர்னேட்டர் மோட்டார்; நடுவில் இருக்கும் ஒயர்களும் டெர்மினல்களும் குழாய். இருபது, முப்பது வருடம் ஓடிய வண்டியில் முதலில் கெடுவது பெரும்பாலும் குழாய்தான். இதில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மீட்டர் இல்லாமல் ஊகிப்பது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் ஆன பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. வண்டியை நிறுத்திய கையோடு பார்த்துவிட்டு “13 காட்டுதே, பேட்டரி சூப்பர்” என்று சொல்பவர்கள் உண்டு. அது மேலோட்டமாக நிற்கும் சார்ஜ். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

அடுத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டுக் கொஞ்சம் ரேஸ் கொடுத்தாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் இருந்த எண்ணே இருந்தால், அல்லது மெல்ல இறங்கிக்கொண்டே போனால், சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் கதை வேறு: வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் சீக்கிரம் குறைவதும், ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் இதன் அறிகுறிகள். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் கூடாது, ஆசிடும் கூடாது.

ஓடும் வண்டியில் பேட்டரியைக் கழற்றுவது

இதைவிடக் கெட்ட தவறு கிடையாது. இன்னும் பல ஷெட்டுகளில் இதைத்தான் ‘டெஸ்ட்’ என்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது ஒரு டெர்மினலைக் கழற்றி, “பாத்தீங்களா சார், ஆஃப் ஆகலை, டைனமோ நல்லாருக்கு” என்பார்கள். ஆல்டர்னேட்டரை டைனமோ என்று கூப்பிடும் வழக்கமும், இந்தச் சோதனையும் ஒரே காலத்தின் மிச்சம்.

ஆல்டர்னேட்டருக்கு முன்பு வண்டிகளில் இருந்த டைனமோவில் அது ஓரளவு செல்லுபடியானது. ஆல்டர்னேட்டரில் நிலைமை வேறு. பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த கரண்ட் திடீரென்று போக இடமில்லாமல் தவிக்க, வோல்டேஜ் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்கு எகிறிவிடும். அந்த ஒரு கணத்தில், கரண்டை ஒரே திசையில் விடும் டையோடு போகலாம், ரெகுலேட்டர் போகலாம், எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டியாக இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரான இசிஎம்மும் போகலாம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கெடுத்துவிட்டு “கெட்டுப் போச்சு” என்று கண்டுபிடிக்கும் சோதனை இது. யாராவது ஸ்பானரோடு டெர்மினல் பக்கம் போனால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதன் தம்பி, ஸ்க்ரூடிரைவரால் ஆல்டர்னேட்டர் பின்பக்க போல்ட்டை பாடியில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பது. அந்த போல்ட் பேட்டரியோடு நேரடியாக இணைந்தது. இன்ஜின் ஓடாவிட்டாலும் பொறி பறக்கத்தான் செய்யும். ஸ்க்ரூடிரைவரை நல்லபடியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், இரும்பு முனையை ஆல்டர்னேட்டரின் புல்லி நட்டுக்கு அருகே கொண்டுபோங்கள். காந்தம் போல இழுத்தால் உள்ளே சுற்றும் ரோட்டார், அதற்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் வரைக்கும் கரண்ட் வருகிறது என்று பொருள்.

சிவப்பு விளக்கை மறப்பது

டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் பதறுகிறோம். எரியாவிட்டால் நிம்மதியாக இருக்கிறோம். சாவியை ஆன் செய்ததும் அது எரிந்தே ஆக வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும் முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டால் ரேஸ் கொடுக்காமல் ஐடிலில் ஓடும்போது சார்ஜே தொடங்காது. சில சமயம் நன்றாக ரேஸ் கொடுத்த பிறகு தானே விழித்துக்கொள்ளும். “ஒரு நாள் சார்ஜ் ஏறுது, ஒரு நாள் ஏறலை” என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பத்து ரூபாய் சமாச்சாரத்தைத்தான். டேஷ்போர்டை அழகுபடுத்துகிறேன் என்று அந்த இடத்தில் எல்இடி போடுபவர்களுக்கும் இதே கதி. எல்இடி வழியே போகும் கரண்ட் அதற்குப் போதாது.

சிவப்பு விளக்கோடு டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் யோசிக்கவே வேண்டாம், உடனே ஓரங்கட்டுங்கள். மாருதி 800-ல் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்திருக்கிறது. “பேட்டரி லைட்தானே, வீடு வரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டினால் தண்ணீர் சுற்றாமல் இன்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கெட்டுக்குச் செலவு செய்ய வேண்டியிருக்கும். அறுந்துபோகாத பெல்ட்டும் வழுக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும், ஹெட்லைட் போட்டதும் ‘க்ரீச்’ என்று கத்தினால் அதுதான். அதற்காகக் கம்பியைப் போட்டு நெம்பி வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிடுவது அடுத்த தவறு, பேரிங் போய்விடும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தால் முறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

எர்த்தை யாரும் பார்ப்பதில்லை

இப்போது என் கதை. பகலில் ஓட்டினால் பிரச்சினை இல்லை. இரவில் ஹெட்லைட் போட்டு நாலு நாள் ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடும். பேட்டரி மாற்றினேன். பிறகு ஆல்டர்னேட்டரைக் கழற்றி பிரஷ், பேரிங் எல்லாம் போட்டுத் தந்தார்கள். மாற்றம் இல்லை. ஒரு நாள் பேட்டரியில் 12.9 காட்டிக்கொண்டிருந்தபோது, எதற்கோ மீட்டரை ஆல்டர்னேட்டரிலேயே வைத்தேன். ஒரு முள் பின்பக்க போல்ட்டில், இன்னொன்று அதன் பாடியில். 14.2!

ஆல்டர்னேட்டர் 14.2 கொடுக்கிறது, பேட்டரிக்கு 12.9 வந்து சேருகிறது. நடுவில் 1.3 வோல்ட்டை யார் விழுங்கியது? ஹெட்லைட்டை எரியவிட்டபடியே, ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் இடையே பார்த்தேன்: 0.2. அது சரி. ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே: 1.1. அகப்பட்டது. எந்தப் பக்கமும் 0.2, 0.3-க்கு மேல் போகக் கூடாது.

கியர்பாக்ஸையும் வண்டியின் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரை (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) கழற்றினால், வெளியே ரப்பர் உறை நன்றாகத்தான் இருந்தது. ஒயர் முனையில் இருக்கும் லக்கை லேசாக வளைத்ததும் உள்ளே இருந்து பச்சைத் தூள் கொட்டியது. செம்புக் கம்பியில் நாலைந்து இழைதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிள் சூடாவதை நான் முன்பே கவனித்திருந்தேன். இன்ஜின் பக்கத்துச் சூடு என்று விட்டுவிட்டேன். எர்த் ஒயர் இல்லாத குறைக்கு ஸ்டார்ட்டரின் கரண்ட் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. புது ஒயர் போட்டு, அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்கியதும் பேட்டரியில் 14 வந்துவிட்டது.

பேட்டரி டெர்மினலிலும் இதே பாடம்தான். மேலே பூத்திருக்கும் வெள்ளைப் பொடியில் வெந்நீர் ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கிளாம்பைக் கழற்றி உள்வளையத்தைத் தேய்க்க வேண்டும். முதலில் மைனஸைக் கழற்றி, மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, வெளியே மட்டும்.

நின்ற வண்டியில் இறங்குவது

ஓடும்போது 14.2 சரியாக இருக்கிறது, ஆனால் மூன்று நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைத் திட்டாதீர்கள், கசிவைத் தேடுங்கள். மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் இணைத்துப் பாருங்கள். (மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸோ மீட்டரேயோ போய்விடும்.) 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி; 35 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினால் எதில் எண் விழுகிறதோ அங்கே திருடன். பெரும்பாலும் நேரடியாக ஒயர் இழுத்த ஸ்டீரியோவாக இருக்கும்.

எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் எண் அசையவில்லையா? இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டிய இடம் வெதுவெதுப்பாக இருந்தால் டையோடு கசிகிறது. ரேடியோவில் ரேஸுக்குத் தகுந்தாற்போல் ஏறி இறங்கும் முனகல் கேட்பதும் டையோடு கோளாறின் குரல்தான்.

டையோடைக் கொல்லும் வழிகள் இன்னும் உண்டு. ஜம்பர் ஒயரைப் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது ஒன்று. உதவிக்கு லாரியை நிறுத்தி அதன் பேட்டரியிலிருந்து கொடுப்பது இன்னொன்று. பெரிய லாரிகளில் இருப்பது 24 வோல்ட். டிங்கர் வேலைக்கு விடும்போது பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பது மூன்றாவது.

டையோடோ பிரஷ்ஷோ போனாலும் ஆல்டர்னேட்டர் முழுசும் போனதாகாது. பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் தனியாகக் கிடைக்கும், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருவார். மாற்றிய கையோடு அடிமட்டமாக இறங்கிய பேட்டரியை மாட்டி ஓட்டாதீர்கள். இரவு முழுக்க வெளிச் சார்ஜரில் போட்ட பிறகு மாட்டுங்கள், புது ரெகுலேட்டரும் டையோடும் தப்பிக்கும். 100/90 வாட் ஹெட்லைட் பல்புகளைக் கழற்றிவிட்டு 60/55-க்குத் திரும்புவதும் நல்லது. ஹைபீமில் மட்டும் அது ஆறேழு ஆம்பியர் மிச்சம்.

ஒருவேளை நீங்கள் வைத்திருப்பது நிஜ டைனமோ உள்ள ஆரம்பகால அம்பாசிடர் என்றால், மேலே சொன்ன 14 வோல்ட்டை ஐடிலில் எதிர்பார்த்து எதையும் கழற்ற வேண்டாம். டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்யாது, சிவப்பு விளக்கு மினுக்குவது அதன் சுபாவம். ரேஸ் கொடுத்த பிறகும் அணையாவிட்டால்தான் டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துப் பிரிக்கும் கட்-அவுட் பெட்டியின் மூடியைத் திறக்க வேண்டும்.