அத்தை யார் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்க

அத்தை என்றால் யார் என்று நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். கணினிக்கு அதை எழுதிக்காட்ட வேண்டும். 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் உருவான புரோலாக் நிரல்மொழி இதற்கு இன்றும் தோதானது. தகவலையும் விதியையும் கொடுத்தால் விடையை அதுவே தேடிக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக்கில் தமிழிலேயே எழுதலாம். கோப்பைத் தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் சேமியுங்கள்.

முதலில் தகவல்கள். தந்தை(ராமசாமி, வேலு) என்றால் ‘வேலுவின் தந்தை ராமசாமி’. ஒவ்வொன்றின் முடிவிலும் புள்ளி வேண்டும்:

தந்தை(ராமசாமி, வேலு).
தந்தை(ராமசாமி, செல்வி).
தந்தை(வேலு, குமார்).
பெண்(செல்வி).

அடுத்து விதிகள். :- குறிக்கு வலப்பக்கம் உள்ளவை எல்லாம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை; \== என்றால் ‘இரண்டும் வேறு’:

உடன்பிறப்பு(_அ, _ஆ) :- தந்தை(_த, _அ), தந்தை(_த, _ஆ), _அ \== _ஆ.
அத்தை(_அ, _ம) :- தந்தை(_த, _ம), உடன்பிறப்பு(_அ, _த), பெண்(_அ).

மாறிகள், அதாவது விடை வந்து நிரம்பும் பெயர்கள், ஆங்கிலப் பெரிய எழுத்து (capital) போன்ற எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும் என்பது புரோலாக்கின் சட்டம். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால்தான் அடிக்கோடு. அதை விட்டால் ‘அ’ என்ற பெயருள்ள ஆளைத் தேடும்.

இனி அத்தை(_யார், குமார்). என்று கேளுங்கள். செல்வி என்று பதில் வரும்.

உடன்பிறப்பு விதியின் கடைசியில் உள்ள \== சோதனையை மறந்தால் வேலு தனக்கே உடன்பிறப்பாகிவிடுவார். பிறகு சித்தப்பாவுக்கு விதி எழுதினால், குமாருக்கு அவன் அப்பாவே சித்தப்பா! சோதனையை முதலில் வைத்தாலும் இதே கதிதான். மதிப்பு கிடைக்காத மாறி வேறு எதற்கும் சமமில்லை என்பதால் சோதனை சும்மா தேறிவிடும். பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பிரிக்கப் பிறந்த ஆண்டையும் தகவலாகச் சேர்க்க வேண்டும்.

தந்தை(ராமசாமி, செல்வி). என்ற வரி விடுபட்டால், குமாரின் அத்தை யார் என்ற கேள்விக்கு ‘இல்லை’ (false) என்றே பதில் வரும். நாமாக இருந்தால் ‘தெரியாது’ என்போம். புரோலாக்குக்கு இரண்டும் ஒன்று. மனிதரைப் போல யோசிக்கிறது என்று நம்புகிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

இதேபோல் முன்னோர் யார் என்று விதி எழுதினால், அந்த விதிக்குள் முன்னோர் என்ற அழைப்பையே முதலில் வைக்காதீர்கள். தன்னையே கூப்பிட்டுக்கொண்டு நினைவகம் தீரும்வரை ஓடும். தந்தை முன்னால் வரட்டும்.

மாமன் மனைவியையும் அத்தை என்பது உங்கள் வழக்கமா? பழைய விதியைத் தொடாமல், அதே பெயரில் இரண்டாவது விதி எழுதுங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பமென்றால் செல்வி இரண்டு தடவை விடையாக வருவார். திருத்தத் தேவையில்லை. இரண்டு வழியிலும் அவர் அத்தைதான்.